குற்றப்பத்திரிகையில் இல்லாத வரி

“அன்று இரவு பெண்களை வேறொரு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். விடிந்த பிறகு விட்டார்கள். அதற்கு மறுநாள்தான் என் தம்பியைக் கொன்றார்கள்.”

ஆருஷாவில் என் மேசைக்கு வந்த வாக்குமூலங்களில் இந்த மாதிரி மூன்று வாக்கியங்களை அடிக்கடி பார்த்திருக்கிறேன். ஊர் மாறும், ஆள் மாறும், வரிசை மட்டும் மாறாது. மூன்றாவது வாக்கியத்துக்குப் பிறகு இரண்டு பக்கம் ஓடும். தம்பியை வெட்டியவன் யார், கையில் என்ன இருந்தது, நீங்கள் எங்கே நின்றீர்கள், வெளிச்சம் இருந்ததா, அவனை முன்பே தெரியுமா. முதல் வாக்கியத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒன்றுமே இருக்காது. எழுதிய புலனாய்வாளரைத் திட்டிப் பயனில்லை. ஏதோ ஒரு நாட்டின் காவல் துறையில் ஆயுள் முழுக்கக் கொலை வழக்கு பார்த்துவிட்டு வந்த மனிதர். கொலைக்கு என்ன கேட்க வேண்டும் என்று அவருக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். அந்த இரவைப் பற்றிக் கேட்கத் தோன்றியிருக்காது. தோன்றியிருந்தால் கூச்சப்பட்டுத் தாண்டிப் போயிருப்பார். எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணும் தானாகச் சொல்லவில்லை. முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள், அதில் ஒருவர் துபாஷி. எந்தப் பெண் சொல்வாள்?

போர்க்காலப் பாலியல் வன்முறை வழக்கு என்றாலே எல்லோருக்கும் நீதிமன்றம்தான் ஞாபகம் வருகிறது. கூண்டு, குறுக்கு விசாரணை, தீர்ப்பு. நான் பார்த்தவரை இந்த வழக்குகள் அங்கே தோற்பது குறைவு. அதற்கு ஓரிரு வருடம் முன்பே, குற்றப்பத்திரிகை எழுதும் மேசையில் தோற்றுவிடுகின்றன. கேட்காதது வாக்குமூலத்தில் வராது. வாக்குமூலத்தில் வராதது குற்றப்பத்திரிகையில் ஏறாது. அதில் ஏறாத ஒன்றைச் சாட்சி நேரில் வந்து சொன்னாலும், அதை வைத்து எதிரியைத் தண்டிக்க நீதிபதிக்கு அதிகாரம் கிடையாது.

நான் மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் ஜூனியராகத் தொடங்கி, கூடுதல் அரசு வழக்கறிஞராகச் செஷன்ஸ் வழக்குகள் நடத்தியவள். இரண்டாயிரத்துக்குச் சற்றுப் பின்னால், தான்சானியாவின் ஆருஷாவில் இருந்த ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயத்தில், வழக்குத் தொடுநர் அலுவலகத்தில் சேர்ந்தேன். நான் நடத்திய வழக்குகளின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. தீர்ப்பாயம் 2015 டிசம்பர் 31இல் மூடப்பட்டுவிட்டது. சாட்சிகளுக்குத் தந்த பாதுகாப்பு உத்தரவுகள் மூடப்படவில்லை. எச்சப் பணிகளுக்காக ஐ.நா. ஏற்படுத்திய அமைப்பு இன்றும் அவற்றைக் காத்துவருகிறது. கீழே நான் பெயர் சொல்லும் வழக்குகளெல்லாம் தீர்ப்பாக வெளிவந்து யாரும் எடுத்துப் படிக்கக்கூடியவை.

அங்கே புதிதாக வரும் வழக்கறிஞர் முதலில் படிக்க வேண்டியது அகாயெசு தீர்ப்பு. ஜான்-பால் அகாயெசு தாபா என்ற கம்யூனின் மேயர். பள்ளி ஆசிரியராக, ஆய்வாளராக இருந்தவர். 1995இல் ஜாம்பியாவில் பிடிபட்டார். 1997 ஜனவரியில் விசாரணை தொடங்கியபோது அவர் மீதான குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை என்ற பேச்சே இல்லை. கொலைகளைப் பற்றிச் சொல்ல வந்த ஒரு தாய், தீர்ப்பில் அவர் ‘சாட்சி ஜே’, தன் ஆறு வயது மகளை மூன்று பேர் வல்லுறவு செய்ததைச் சொன்னார். செனகலின் லைத்தி காமா தலைமையிலான அமர்வில் ஸ்வீடனின் லென்னார்ட் ஆஸ்பெக்ரென், தென்னாப்பிரிக்காவின் நவநீதம் பிள்ளை இருவரும் இருந்தார்கள். பிள்ளை விடவில்லை, மேலே கேட்டார். பின்னால் வந்த ‘சாட்சி எச்’ தனக்கு நடந்ததைச் சொன்னார். கம்யூன் அலுவலக வளாகத்தை ஒட்டியே வேறு பெண்களுக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னார். வழக்குத் தொடுநர்கள் திரும்பவும் புலன்விசாரணைக்குப் போனார்கள். 1997 ஜூன் 17இல் குற்றப்பத்திரிகையைத் திருத்த அனுமதி கிடைத்தது. 1998 செப்டம்பர் 2இல் வந்த தீர்ப்பு, வல்லுறவும் இனப்படுகொலையின் ஒரு வடிவமாகலாம் என்று முதன்முதலாகச் சொன்னது. தீர்ப்பாயத்தின் சட்டத்தில் இனப்படுகொலை பற்றிய பிரிவில் வல்லுறவு என்ற சொல்லே கிடையாது. ஒரு குழுவைச் சேர்ந்தவர்களுக்கு உடலாலோ மனதாலோ கடுமையான தீங்கு விளைவிப்பது என்று ஒரு உட்பிரிவு உண்டு. நீதிபதிகள் அதற்குள் கொண்டுவந்தார்கள். ஒரு மாதம் கழித்து ஆயுள் தண்டனை.

நவநீதம் பிள்ளை டர்பனில் பிறந்த தமிழர் வம்சாவளி, பஸ் டிரைவரின் மகள். ஊருக்கு வரும்போதெல்லாம் பார் அசோசியேஷனில் யாராவது ஒருவர், “நம்ம பிள்ளைதான் அந்தத் தீர்ப்பே எழுதினதாமே?” என்று கேட்பார். மூன்று பேர் எழுதிய தீர்ப்பு என்று சொல்வேன். அவருடைய பங்கு என்று நான் நினைப்பது தீர்ப்பின் பத்திகளைவிட அன்று சாட்சியிடம் கேட்ட துணைக்கேள்விகளைத்தான். ஆரம்ப ஆண்டுகளில் அந்தத் தீர்ப்பாயத்தின் ஒரே பெண் நீதிபதி அவர். அன்று அந்த நாற்காலியில் வேறு யாராவது இருந்திருந்தால் என்ற கேள்வி எங்கள் அலுவலகத்தில் காபி நேரத்தில் அடிக்கடி வரும். யாருக்கும் அதற்கு நிம்மதியான பதில் இருந்ததில்லை. ஒரு நீதிபதி காதைக் கூர்மையாக வைத்திருந்ததை நம்பி ஒரு சட்டத்துறை நடக்க முடியாதல்லவா?

சட்டம் இல்லாமல் இருந்ததில்லை. 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை, 27ஆம் பிரிவில், பெண்களை வல்லுறவிலிருந்து காக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நியூரம்பர்க் சாசனத்தில் அந்தக் குற்றம் பெயர் சொல்லி இல்லை. அதையடுத்து ஜெர்மனியில் நேச நாடுகள் கொண்டுவந்த பத்தாம் எண் சட்டத்தில் இருந்தது. டோக்கியோ விசாரணையில் நான்ஜிங் நகரத்துக் கொடுமைகள் சாட்சியமாக வந்தன. எடுத்துப் பயன்படுத்துவார் இல்லாமல் அரை நூற்றாண்டு கிடந்தது, அவ்வளவுதான்.

இனி தொழிலுக்கு வருகிறேன். வல்லுறவு நடந்தது என்பதை நிரூபிப்பதுதான் கஷ்டம் என்று வெளியே நினைக்கிறார்கள். நடந்தது என்பதில் எதிர்த்தரப்பு பல வழக்குகளில் பெரிய சண்டையே போடாது. “நடந்திருக்கலாம், ரொம்ப வருத்தம், என் கட்சிக்காரருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?” என்பதுதான் வாதம். நாங்கள் பிடிக்கும் ஆள் மேயர், அமைச்சர், தளபதி. அந்த அறையில் அவர் இருந்திருக்க மாட்டார். அறையில் இருந்தவனுக்கும் அலுவலகத்தில் இருந்தவருக்கும் இடையில் ஒரு சங்கிலி காட்ட வேண்டும். எங்கள் பேச்சில் அதற்கு ‘இணைப்புச் சாட்சியம்’ என்று பெயர். குற்றத்துக்கு நூறு சாட்சி கிடைப்பார்கள். இணைப்புக்கு ஒருவர் கிடைத்தால் பெரிய விஷயம்.

கொலை வழக்கில் இந்த இணைப்பு கொஞ்சம் சுலபமாக வரும். கொல்லச் சொன்ன கூட்டம், ஆயுதம் கொடுத்த நாள், பட்டியல் என்று ஏதாவது இருக்கும். வல்லுறவு செய்யச் சொல்லி யாரும் சுற்றறிக்கை அனுப்புவதில்லை. அதனால் வேறு வழிகளில் தேடுவோம். அவர் எங்கே நின்றார்? எந்த ஜன்னலிலிருந்து எது தெரியும்? அலறினால் அவர் அறைக்குக் கேட்குமா? கட்டடத்துக்கே போய் நாடா வைத்து அளந்திருக்கிறோம். ஒரு சகா உள்ளே நின்று உரக்கப் பேச, இன்னொருவர் வெளியே நின்று குறிப்பெடுத்ததுண்டு. பிறகு, அவரிடம் யார் போய் முறையிட்டார்கள்? என்ன பதில் சொன்னார்? அடுத்த நாள் அவன்களை நிறுத்தினாரா, இல்லை கூடவே வண்டியில் ஏற்றிக்கொண்டாரா?

அகாயெசு தீர்ப்பில் இதற்கு ஒரு நல்ல பாடம் உண்டு. 1994 ஏப்ரல் 18 வரை அந்த மேயர் தன் கம்யூனில் கொலைகளைத் தடுக்கப் பார்த்திருக்கிறார். ஓரளவு தடுத்தும் இருக்கிறார். அதற்குப் பிறகுதான் மாறினார். அவருடைய வக்கீல்கள் நல்ல மனிதர் என்று காட்டுவதற்காகச் சொன்னது இது. கேட்கும் காதுக்கு வேறொன்றும் கேட்கும்: தடுக்க நினைத்தபோது தடுக்க முடிந்திருக்கிறது. அப்படியானால் அதிகாரம் கையில் இருந்திருக்கிறது. நல்ல நாட்களைப் பற்றியும் சாட்சிகளிடம் விரிவாகக் கேளுங்கள் என்று பிற்பாடு வந்த புலனாய்வாளர்களுக்கு நான் சொல்லிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் இதுதான். கெட்ட நாட்களை மட்டும் கேட்டு எழுதினால் வழக்கில் பாதி போய்விடும்.

யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தின் ஃபுருன்ஜியா வழக்கும் இணைப்பைப் பற்றியதுதான். அவர் கேள்வி கேட்ட அதிகாரி. வல்லுறவு செய்தது வேறொருவன். அவர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க, எதிரே இருந்த பெண்ணிடமிருந்து பதில் வரவழைக்கும் வழியாக அது நடந்தது. 1998 டிசம்பர் 10இல் வந்த தீர்ப்பு அதைச் சித்திரவதை என்றது. கேள்வி கேட்டவரைச் சித்திரவதையின் பங்காளி என்றது. அந்த வழக்கில் இன்னொரு சங்கதி. அந்தப் பெண் மனநல ஆலோசனை பெற்ற ஆவணம் எதிர்த்தரப்புக்கு நேரத்தில் தரப்படவில்லை என்று விசாரணையையே மறுபடி திறந்தார்கள். அதிர்ச்சியில் இருப்பவளின் ஞாபகம் நம்பத்தக்கதல்ல என்ற வாதம் வந்தது. நீதிபதிகள் ஏற்கவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு ஆலோசகரிடம் போகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. அவள் அங்கே மனம் விட்டுச் சொல்வது ஒருநாள் எதிர் வக்கீலின் மேசைக்கு வரலாம். போக வேண்டாம் என்று சொல்ல நான் யார்? போகச் சொன்னேன். அந்த ஆவணத்தை யார் கேட்க முடியும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

மதுரையில் நான் தொழில் கற்ற காலத்தில் கற்பழிப்பு வழக்கு என்றால், அன்று அந்தச் சொல்தான் புழக்கத்தில் இருந்தது, முதலில் பார்ப்பது மருத்துவச் சான்று. உடம்பில் காயம் இல்லை என்று டாக்டர் ஒரு வரி எழுதியிருந்தால் எதிர் வக்கீலுக்கு அது போதும். 1972இல் மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் நடந்த மதுரா வழக்கில், 1978இல், உச்ச நீதிமன்றம் இரண்டு போலீஸாரை விடுதலை செய்தது. காயம் இல்லை, எதிர்ப்பு இல்லை, ஆகவே சம்மதம் என்ற ரீதியில். அதற்கு எழுந்த எதிர்ப்பில்தான் 1983இல் சாட்சியச் சட்டத்தில் 114-ஏ பிரிவு வந்தது. காவலில் வைத்திருப்பவன் மீதான வழக்கில், சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அப்படியே அனுமானிக்க வேண்டும். பெண்ணின் நடத்தையைக் கிளறிப் பார்க்க இடம் கொடுத்த 155ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவோ 2002ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வரை உயிரோடு இருந்தது.

இந்தப் பழக்கத்தோடு ஆருஷாவுக்குப் போனவளுக்கு அங்கே விதி 96 பெரிய ஆச்சரியம். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் சாட்சியத்துக்கு வேறு ஆதரவுச் சாட்சியம் தேவையில்லை. மிரட்டல், காவல், பயம் இருந்த இடத்தில் சம்மதம் என்ற வாதத்துக்கு இடமில்லை. பழைய நடத்தை பற்றிய பேச்சே கூடாது. மருத்துவச் சான்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஏது சான்று? நடந்து ஆறேழு வருடம் கழித்துத்தான் நாங்கள் அந்தப் பெண்களைச் சந்திக்கிறோம்.

சம்மதம் என்ற வாதம் விதியோடு ஒழிந்துவிடவில்லை என்பதற்கு யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தின் ஃபோச்சா வழக்கு. போஸ்னியாவின் அந்த ஊரில் பெண்களைப் பள்ளிக்கூடத்திலும் பார்ட்டிசான் என்ற விளையாட்டு அரங்கத்திலும் அடைத்து வைத்து, தேவைப்பட்டபோது வெளியே கொண்டுபோனார்கள். ஒரு பெண் தானே முன்வந்ததாகவும் தான் அதை நம்பியதாகவும் முதல் எதிரியான குனாரட்ச் சொன்னார். தளபதியைத் திருப்திப்படுத்தாவிட்டால் கொன்றுவிடுவேன் என்று இன்னொரு சிப்பாய் அவளை மிரட்டியிருந்தான். ஜாம்பியாவின் ஃப்ளோரன்ஸ் மும்பா தலைமையிலான அமர்வு குனாரட்ச் சொன்னதை நம்பவில்லை. 2001 பிப்ரவரி 22இல் மூவருக்கும் 28, 20, 12 ஆண்டுகள் தண்டனை. கடைசிவரை எதிர்த்துப் போராடியிருக்க வேண்டும் என்று மேல்முறையீட்டில் வாதிட்டார்கள். சட்டப்படியும் தவறு, உண்மைக்கும் பொருந்தாத அபத்தம் என்று 2002 ஜூனில் தள்ளுபடியானது. அந்தப் பத்தியைப் படித்த அன்று மதுரையில் நான் வாதாடித் தோற்ற சில வழக்குகள் ஞாபகத்துக்கு வந்தன. எதிரே நின்ற வக்கீல்கள் கெட்டிக்காரர்கள் இல்லை; சட்டம்தான் அவர்கள் பக்கம் இருந்தது.

இந்தத் தொழிலில் மிகக் கஷ்டமான ஐந்து நிமிடம் எது என்று கேட்டால், முதல் விசாரணையில் அந்த ஒரு கேள்வி. சாட்சி, “என்னை வீணாக்கிவிட்டான்” என்பாள். எந்த ஊரிலும் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள். அறையில் இருக்கும் எல்லோருக்கும் புரியும். சட்டத்துக்குப் போதாது. குற்றத்தின் கூறுகளில் உடலுக்குள் நுழைவு என்பது ஒன்று. அது அவள் வாயால் பதிவாக வேண்டும். நான் எடுத்துக் கொடுக்கவும் கூடாது, அது வழிகாட்டும் கேள்வி. எதிர் வக்கீல் எழுந்துவிடுவார்.

நான் கடைப்பிடித்தது இது. முந்தின நாளே, துபாஷியை வைத்துக்கொண்டு, “அம்மா, நாளைக்கு ஒரு கேள்வி கேட்பேன். உங்களுக்குக் கஷ்டமான கேள்வி. ஏன் கேட்கிறேன் என்று இப்போதே சொல்கிறேன். ஒரே தடவைதான் கேட்பேன்” என்று சொல்லிவிடுவேன். அந்த வாக்குறுதியைக் காப்பாற்ற வேண்டும். பதில் தெளிவாக இல்லையென்றால் நீதிபதிகளே கேட்கட்டும் என்று விட்டுவிடுவேன். அந்தப் பகுதியை அமர்வின் முடிவில் வைக்கவே மாட்டேன். அதைச் சொல்லிவிட்டு, மதிய உணவுக்குக் கலைந்து, அவள் தனியறையில் அதோடு உட்கார்ந்திருக்கக் கூடாது. நடுவில் வைத்து, அதற்குப் பின் யார் அடைக்கலம் தந்தார்கள், எப்படி ஊர் திரும்பினார்கள் என்று கொஞ்ச தூரம் கூட்டிப் போய்த்தான் முடிப்பேன். தேவையில்லாத விவரத்தைக் கேட்பதில்லை. கோரமாகச் சொன்னால் நீதிபதி மனம் இளகும் என்று நம்பும் வழக்கறிஞர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. மூன்று தொழில்முறை நீதிபதிகள் உட்கார்ந்திருக்கிறார்கள், நம்மைவிட அதிகம் கேட்டவர்கள். கூறுகள் பதிவானால் போதும்.

இப்படி முன்கூட்டிச் சாட்சியோடு பேசுவதையே ஹேக் நகரின் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் லுபாங்கா வழக்கில் 2007இல் தடுத்தது. சாட்சிக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதாகிவிடுமாம். பின்னால் வேறு அமர்வுகள் அனுமதித்தன. பாலியல் வன்முறைச் சாட்சியை முன்பின் பேசாமல் நேரே கொண்டுபோய் உட்கார வைப்பது நியாயமான விசாரணை என்றால், அந்த நியாயம் எனக்குப் புரிவதில்லை.

ஆருஷாவுக்கு வரும் சாட்சிகளில் பலர் அதற்கு முன் தங்கள் மாவட்டத்தையே தாண்டாதவர்கள். விமானத்தில் வந்து இறங்குவார்கள். பொதுமக்கள் பார்க்க முடியாதபடி திரை இருக்கும், பெயருக்குப் பதில் எழுத்துகள். ஆனால் எதிரி பார்ப்பார். அது அவருடைய உரிமை. ஊரில் இரகசியம் காப்பது இன்னும் கஷ்டம். வெள்ளை ஐ.நா. வண்டி ஒரு குடிசை முன்னால் நின்றாலே பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு விஷயம் முடிந்தது. அவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளில் சட்டம் பற்றியவை குறைவு. பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள், அறுவடைக்குள் திரும்ப முடியுமா, என் புருஷனுக்குத் தெரிய வருமா, இதுதான். நோயுற்றிருந்தவர்கள் மருந்து கேட்டார்கள். தடுப்புக்காவலில் இருந்த எதிரிகளுக்கு எச்ஐவி சிகிச்சை கிடைத்தது. ஊரிலிருந்த சாட்சிகளுக்கு ஆரம்ப ஆண்டுகளில் எட்டவில்லை. அன்று உலகப் பத்திரிகைகளில் விவாதமான விஷயம் இது. பின்னால் கிகாலியில் அவர்களுக்கென்று மருத்துவ ஏற்பாடு வந்தது. அதற்குள் சாட்சிகளில் சிலர் இல்லை.

குறுக்கு விசாரணை பெரும்பாலும் எண்களைச் சுற்றியே. வாக்குமூலத்தில் நான்கு பேர் என்றீர்கள், இன்று மூன்று என்கிறீர்கள். அது எந்தத் தேதி? எத்தனை மீட்டர்? ருவாண்டா ஜனாதிபதியின் விமானம் விழுந்த ஏப்ரல் 6 சாட்சிகள் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு சந்தை நாள், மழை, யார் செத்த மறுநாள் என்றுதான் கணக்கு. தூரத்தை மீட்டரில் சொல்லச் சொன்னால் தடுமாறுவார்கள், “இங்கிருந்து அந்தக் கதவு வரைக்குமா?” என்று கேட்டால் சட்டென்று சொல்வார்கள். வாக்குமூலம் என்பதே அவர் சொல்லி, துபாஷி மாற்றி, புலனாய்வாளர் எழுதி, மறுபடி வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியது. அதில் சிறு முரண் இல்லாவிட்டால்தான் நான் சந்தேகப்படுவேன். அகாயெசு அமர்வு அன்றே இதை எழுதி வைத்தது எங்களுக்குப் பெரிய உபகாரம்.

மேசையில் தோற்ற வழக்குகளுக்கு வருகிறேன். சியரா லியோனுக்கான சிறப்பு நீதிமன்றத்தில் குடிமக்கள் பாதுகாப்புப் படை வழக்கு. 2004 பிப்ரவரியில் பாலியல் குற்றச்சாட்டுகளைச் சேர்க்க அனுமதி கேட்டார்கள். தாமதம் என்று மே மாதம் பெரும்பான்மை மறுத்துவிட்டது. கனடாவின் பியர் பூதே மட்டும் மாறுபட்டார். பிறகு அந்தச் சாட்சியத்தையே வேறு தலைப்பில் கொண்டுவரப் பார்த்ததும் பலிக்கவில்லை. ஃப்ரீடவுனுக்கு வந்த பெண்கள் கொலையைச் சொல்லலாம், கொள்ளையைச் சொல்லலாம், தங்களுக்கு நடந்ததைச் சொல்லக் கூடாது. அகாயெசு வழக்கில் நடுவழியில் திருத்தியபோது கதவு திறந்தது. இங்கே விசாரணை தொடங்குமுன் கேட்டும் திறக்கவில்லை. நீதிபதிகளைக் குறை சொல்வேன், ஆனால் முழுக்க இல்லை. எதிரிக்கும் தன் மீது என்ன குற்றச்சாட்டு என்று நேரத்தில் தெரிய வேண்டும். அந்த உரிமையை நானே மதுரையில் எதிர்த்தரப்புக்காக நின்ற நாட்களில் முழங்கியிருக்கிறேன்.

லுபாங்கா வழக்கிலும் இதே கதை. காங்கோவில் சிறுவர்களைப் படையில் சேர்த்தது மட்டும்தான் குற்றச்சாட்டு. சிறுமிகளுக்கு முகாமில் என்ன நடந்தது என்று சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். 2012 மார்ச் தீர்ப்பில் அதற்குத் தண்டனை இல்லை, கோஸ்டா ரிகாவின் ஒதியோ பெனிட்டோ எழுதிய மாறுபட்ட கருத்து மட்டும் மிஞ்சியது.

இவற்றில் என்னை அதிகம் உறுத்துவது புட்டாரே வழக்கு. போலீன் நியிராமசுஹுகோ ருவாண்டாவின் குடும்பநல, பெண்கள் மேம்பாட்டு அமைச்சர். இனப்படுகொலைக்காகச் சர்வதேசத் தீர்ப்பாயம் தண்டித்த முதல் பெண். 2001இல் தொடங்கிய விசாரணைக்கு 2011 ஜூன் 24இல் தீர்ப்பு. வல்லுறவை மானுடத்துக்கு எதிரான குற்றமாகக் கொண்டு, மேலதிகாரி என்ற பொறுப்பில் தண்டித்தார்கள். வல்லுறவு இனப்படுகொலைக்கான கருவியாகப் பயன்பட்டது என்று சாட்சியம் காட்டுவதாகவும் எழுதினார்கள். அப்படியிருந்தும் அந்த அடிப்படையில் இனப்படுகொலைக் குற்றவாளி என்று தீர்க்கவில்லை. குற்றப்பத்திரிகையில் அப்படித் தெளிவாகக் குற்றம் சாட்டப்படவில்லை, எதிரிக்கு முறையான அறிவிப்பு இல்லை. பத்தாண்டு விசாரணை, சாட்சியம் நம்பப்பட்டது, இழந்தது ஒரு பத்தியால்.

பாடம் கற்றவர்களும் உண்டு. ஹேக் நீதிமன்றத்தில் காங்கோவின் தளபதி என்டகாண்டா மீதான குற்றப்பத்திரிகையில், அவருடைய சொந்தப் படையிலிருந்த சிறுமிகளுக்கு நடந்ததையும் தனியாகச் சேர்த்தார்கள். தன் படை வீரர் மீதே போர்க்குற்றம் எப்படி என்று எதிர்த்தரப்பு மேல்முறையீடு வரை போய்த் தோற்றது. 2019இல் 30 ஆண்டுகள் கிடைத்தன. அதே நீதிமன்றத்தில் இன்னொரு காங்கோ தளபதியான பெம்பாவோ 2016இல் தண்டிக்கப்பட்டு 2018 ஜூன் 8இல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் விடுதலையானார். தளபதியாகத் தேவையான நடவடிக்கை எடுத்தாரா என்பதே முக்கியக் கேள்வி. நிரூபிக்கப்பட்ட சம்பவங்களில் பல குற்றச்சாட்டின் எல்லைக்குள் வரவில்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் சிரிய உளவு அதிகாரி ஒருவர் மீது நடந்த விசாரணையில், பாதிக்கப்பட்டவர்களின் வழக்கறிஞர்கள் மனுப் போட்ட பிறகுதான், 2021இல், பாலியல் வன்முறை மானுடத்துக்கு எதிரான குற்றமாகச் சேர்ந்தது. அகாயெசு திருத்தத்துக்கும் இதற்கும் நடுவே கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு.

ஓய்வுக்குப் பிறகு இளம் புலனாய்வாளர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் வகுப்பெடுக்கிறேன். ஒரு பெண் கேட்டாள்: “மேடம், முதலிலேயே எல்லாக் குற்றச்சாட்டையும் போட்டுவிட்டால் என்ன? நிரூபிக்க முடியாததை அப்புறம் கைவிட்டுக்கொள்ளலாமே?” கெட்டிக்காரக் கேள்வி. பல அலுவலகங்கள் அப்படித்தான் செய்தன. எனக்கு உடன்பாடில்லை. இணைப்புச் சாட்சியம் இல்லாமல் போட்ட குற்றச்சாட்டு விடுதலையில் முடியும். சாட்சி பொய் சொன்னதாக ஊர் பேசும். கைவிட்டாலோ, யாராவது ஒருவர் அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

நான் போயிருக்கிறேன். ஒரு வழக்கில், பெண்களுக்கு நடந்ததையும் எதிரியையும் இணைக்க எங்களால் முடியவில்லை. குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுவது என்று முடிவாயிற்று. கிகாலிக்கு வெளியே ஒரு வீட்டில் உட்கார்ந்து, துபாஷி மூலம், மற்ற குற்றங்களுக்கு விசாரணை நடக்கும், உங்களுடையது மட்டும் இருக்காது என்று விளக்கினேன். அந்த அம்மாள் கோபப்படவில்லை. நான் சொன்னதெல்லாம் எழுதினீர்களே, அந்தக் காகிதம் என்ன ஆகும் என்று கேட்டார். ஆருஷா ஆவணக் காப்பகத்தில் முத்திரை வைத்து இருக்கும் என்றேன். என் மகள் வளர்ந்த பிறகு அதைப் படிக்க முடியுமா என்றார். பாதுகாப்பு உத்தரவை மாற்றச் சொல்லி மனுப் போட வேண்டும், நீதிபதி சம்மதிக்க வேண்டும் என்றேன். அந்த மனுவை யார் எழுதித் தருவார்கள், அதற்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்டார். செலவில்லை என்று சொல்லி, முகவரியை எழுதிக் கொடுத்தேன்.